ஆயாவ பத்தி எழுத மாமாவ கேக்கணுமா?

லெட்டர் நாலு பக்கம் வந்திருக்கு. முழுசா இங்க போட முடியாது, போடவும் கூடாது, ஏன்னு போகப்போக உங்களுக்கே புரியும். எழுதின சகோதரிகிட்ட கேட்டுட்டு உறவுமுறை, வயசு, ஏரியா எல்லாத்துலயும் கொஞ்சம் மாத்தி சுருக்கமா சொல்றேன்.

அவங்களுக்கு 34 வயசு. காசிமேட்டுல வளந்தவங்க, இப்ப தண்டையார்பேட்டையில புருஷன், ஏழு வயசு பையன், அம்மா எல்லாரும் ஒண்ணா இருக்காங்க. அம்மாவப் பெத்த ஆயா எட்டு மாசம் முன்னாடி 78 வயசுல தவறிட்டாங்க. தாத்தா சின்ன வயசுலயே போயிட்டதால விடியக்காலம் ரெண்டு மணிக்கு எழுந்து ஹார்பர்ல ஏலம் எடுத்து, தலையில சும்மாடு, அதுமேல அன்னக்கூடை, வண்ணாரப்பேட்டை கொருக்குப்பேட்டைனு தெருத்தெருவா நடந்து மீன் வித்து அஞ்சு புள்ளைங்கள கரையேத்தின ஆயா. சேத்த காசுல ரெண்டு ரூம் வீடும் வாங்கியிருக்காங்க, பத்திரம் அவங்க பேர்ல, இன்னும் பாகம் பிரிக்கல.

வருஷ படையலுக்கு ஆயாவ பத்தி ஒரு போட்டோ புக்கும், பந்தல்ல திரை கட்டி காட்ட இருபது நிமிஷ வீடியோவும் பண்ணணும்னு இவங்களுக்கு ஆசை. பெரிய மாமா (58 வயசு) "பழச கெளறாதமா, போட்டோவுக்கு மால போட்டு சோறு போட்டா போதும்"னு சொல்லிட்டாரு. சித்தி, "மீன்காரினு ஊருக்கே படம் போட்டு காட்டணுமா, எம் பொண்ணுக்கு மாப்ள பாத்துனு இருக்கோம்"னு சண்ட. அம்மா வாயே தொறக்கறதில்ல, ஆயா போட்டோவ பரண்மேல ஏத்திட்டாங்க, வீட்டுல மீன் வாங்கறதையே நிறுத்திட்டாங்க, ஆனா விடியக்காலத்துல எழுந்து உக்காந்துக்கிட்டு "கூடைய கீழ வைக்கிற சத்தம் கேட்டுச்சு"ங்கறாங்க. பையன்கிட்ட ஆயா ஊருக்குப் போயிருக்காங்கனு சொல்லி வச்சிருக்கு. இவங்களுக்கு இன்னிக்கு வரைக்கும் சரியா அழுகையே வரல, அதுவே ஒரு குத்த உணர்ச்சியா இருக்கு.

எல்லாத்துக்கும் மேல, போன வருஷம் மீன்பிடி தடைக்காலத்துல ஆயா வீட்டோட இருந்தப்ப இவங்க போன்ல ரெண்டு மணி நேரம் பேச வச்சு ரெக்கார்ட் பண்ணியிருக்காங்க. அதுல ஆயா சொன்னது: "பெரியவன் என் வயித்துல பொறக்கல கண்ணு, எங்க அக்கா புள்ள. அவ பிரசவத்துலயே போய்ட்டா. இது என்னோட போவட்டும்னு பாத்தேன்." சொல்லிட்டு உடனே, "சரி நீ போய் சோறு துன்னு"ன்னு பேச்ச மாத்திட்டாங்க.

இத வீடியோவுல போடலாமா, டெலிட் பண்ணிடணுமா, இல்ல மாமாகிட்ட சொல்லணுமா? ஆயாவோட உண்மையான வாழ்க்கைய சொல்ற உரிமை எனக்கு இல்லியா? இதுதான் கேள்வி.

அன்பு சகோதரிக்கு,

உங்க ஆயா எனக்கு பழக்கமில்ல. ஆனா நானும் கொருக்குப்பேட்டையில வளந்தவ, எங்க தெருவுக்கும் காலைல ஒரு அம்மா கூடையோட வருவாங்க, கூடைய எறக்க கை குடுப்போம், சங்கரா நெத்திலினு நாங்க பேரம் பேசுவோம், எங்க பரீட்ச மார்க்க கூட அவங்க கேப்பாங்க. அவங்க பேர் என்னனு இன்னிக்கு யோசிச்சா எனக்குத் தெரியல. மீன்காரம்மா, அவ்ளோதான். உங்க லெட்டர்ல அது ரொம்ப நேரம் என்னை நிறுத்திடுச்சு. அதனால உங்க ஆசைய நான் சின்ன விஷயமா பாக்கல, அந்த புக் வரணும்னுதான் நானும் நினைக்கறேன்.

மாமாவுக்கு வெக்கமா? உங்க லெட்டர திரும்ப படிங்க

நீங்க மாமாவையும் சித்தியையும் ஒரே தட்டுல வச்சு, "ரெண்டு பேருக்கும் மீன் வித்தத வெளிய சொல்ல வெக்கம்"னு எழுதிட்டீங்க. ஆனா அதே லெட்டர்ல மூணாவது பக்கத்துல வேற ஒண்ணும் எழுதியிருக்கீங்க. பதினாறாம் நாள் காரியத்துக்கு முந்தின ராத்திரி கானா வச்சப்ப, பாடினவர் ஆயாவோட கூடையையும் வெறுங்காலையும் சேத்து ரெண்டு வரி கட்டிப் பாடினதும் மாமா எழுந்து போய் அவர் சட்டையில ஐநூறு ரூபா குத்திட்டு, அங்கயே நின்னு அழுதாருன்னு. தெருவே பாக்க அம்மாவோட மீன் கூடைக்கு நோட்டு குத்தினவருக்கு அந்தக் கூடைய பத்தி வெக்கம் இருக்குமா? எனக்கு அப்படி தோணல.

அப்ப "பழச கெளறாத"ன்னா எந்தப் பழசு? அவருக்கு தன்னோட பொறப்பு விஷயம் தெரிஞ்சிருக்கலாம். தெரியாமலும் இருக்கலாம், சும்மா பேச ஆரம்பிச்சா தாங்க முடியாதுங்கற பயமாவும் இருக்கலாம். நான் இங்க உக்காந்துகிட்டு அத முடிவு பண்ண மாட்டேன், நீங்களும் பண்ணாதீங்க. ஆனா "வெக்கம்"னு நீங்களே முடிவு பண்ணிட்டு அவர்கிட்ட சண்டைக்குப் போனா, அந்த மனுஷன் எதுக்காக பதறுறாரோ அத நீங்க தெரியாமலே போய் மிதிச்சிடுவீங்க.

வீடியோவுல போடலாமாங்கற கேள்விக்கு என் பதில்: வேண்டாம், படையல் அன்னிக்கு கண்டிப்பா வேண்டாம். ஆயாவோட வாழ்க்கைய சொல்ற உரிமை உங்களுக்கும் இருக்கு, அத நான் மறுக்கல. ஆனா மாமா எப்படி பொறந்தாருங்கறது மாமாவோட வாழ்க்கையும்தான். ஒருவேள அவருக்குத் தெரியாம, அம்மாவுக்கும் சித்திக்கும் ஏற்கனவே தெரிஞ்சிருந்தா, 58 வயசுல பந்தல்ல எல்லார் முன்னாடியும் திரையில பாத்து தெரிஞ்சுக்கறத யோசிங்க. வளத்த புள்ளைனு பெரியவங்களான பின்னாடி தெரிஞ்சுக்கிட்டவங்க சிலர்கிட்ட நான் பேசியிருக்கேன், "பெத்தவங்க இல்லனு தெரிஞ்சது கூட தாங்கிக்கலாம், எல்லாருக்கும் தெரிஞ்சு எனக்கு மட்டும் தெரியாம போச்சே"ங்கறதுதான் அவங்கள அரிக்குது.

இன்னொரு ஆபத்தும் இருக்கு, நீங்க அத யோசிச்ச மாதிரி தெரியல. வீடு ஆயா பேர்ல இருக்கு. வக்கீல் தோழி ஒருத்தவங்ககிட்ட பொதுவா கேட்டுட்டுதான் சொல்றேன்: உயில் எழுதாம ஒரு அம்மா தவறிட்டா, 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்தோட 15ஆவது பிரிவுப்படி முதல்ல மகன், மகள், கணவர், முன்னாடியே தவறின புள்ளைங்களோட குழந்தைங்க, இவங்களுக்குத்தான் சொத்து. அதுல மகன்னா பெத்த மகன், இல்ல சட்டப்படி தத்து எடுத்த மகன். பாசமா வளத்ததாலயே ஒருத்தர் தத்துப் புள்ள ஆயிட மாட்டாரு, முறையா குடுத்து வாங்கி தத்து நடந்திருக்கணும். உங்க தாத்தா காலத்துல அப்படி ஒண்ணு நடந்துச்சா இல்லியானு இப்ப யாரு வந்து சொல்லப்போறா? போன் ரெக்கார்டிங்க கோர்ட்ல சாட்சியமா காட்ட முடியும். நீங்க பாசத்துல போடற ரெண்டு நிமிஷம், நாளைக்கு பாகம் பிரிக்கறப்ப யாரோ ஒருத்தர் கையில "இவர் பங்காளியே இல்ல"ங்கறதுக்கு ஆதாரமாயிடும். அம்பது வருஷத்துக்கு மேல தன் புள்ளையா வளத்தவரோட பங்க, ஆயா குரலே பறிக்கற மாதிரி ஆயிடும். ஆயா உயில் ஏதாவது எழுதி வச்சிருக்காங்களானு முதல்ல பாருங்க, இருந்தா கணக்கே வேற. வீட்டு விஷயத்துக்கு தனியா ஒரு வக்கீல பாத்துடுங்க.

டெலிட் பண்ணணுமா? கூடவே கூடாது. ஆயா குரல் அது, ஒரு செகண்ட கூட அழிக்காதீங்க. முழு ரெக்கார்டிங் உங்ககிட்ட அப்படியே இருக்கட்டும், வீடியோவுக்கு தனியா ஒரு காப்பி எடுத்து அந்த இடத்த மட்டும் விட்டுட்டு வெட்டிக்குங்க. குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல முழுச எந்த நாளும் போடாதீங்க.

மாமாகிட்ட சொல்லணுமாங்கறது கஷ்டமான கேள்வி. "என்னோட போவட்டும்னு பாத்தேன்"னு சொல்லிட்டு, ஆனாலும் சொல்லியிருக்காங்க பாருங்க, பாதி மனசு மூடி வைக்கணும்னு, பாதி மனசு யாராவது ஒருத்தர்கிட்டயாவது எறக்கி வைக்கணும்னு. அந்தப் பாரத்த உங்க தலையில வச்சிருக்காங்க, நீங்க அத இப்பவே வேற யாராவது தலைக்கு மாத்தணும்னு அவசரம் ஒண்ணும் இல்ல. படையல் முடியட்டும், ஒரு நாள் அம்மாகிட்ட மட்டும் தனியா, "உங்களுக்கு ஏதாவது தெரியுமாமா"னு கேளுங்க. அதுக்கப்புறம் ரெண்டு பேரா சேந்து முடிவு பண்ணலாம். நடுவுல மாமாவே உங்கள நேரா பாத்து கேட்டா பொய் சொல்லாதீங்க, அவ்ளோதான்.

இப்போதைக்கு மாமாவ தனியா போய் பாருங்க. "அம்மாவ பத்தி எத எல்லாரும் தெரிஞ்சுக்கணும், எது வேணாம், நீங்க சொல்லுங்க மாமா"ன்னு கேளுங்க. அந்த கானா ராத்திரிய பத்தி பேச்ச ஆரம்பிங்க. வேணாங்கற லிஸ்ட அவர் சொன்னா ஏன்னு குடையாதீங்க.

சித்தி விஷயம் எனக்கு இத விட லேசாத்தான் தெரியுது. கோவப்படாதீங்க, பொண்ணுக்கு வரன் பாக்குற அம்மாவோட பயம் அது, மீன் கூடைய பாத்து மூக்கப் பொத்துற ஆளுங்கள அவங்க வாழ்நாள்ல பாத்திருப்பாங்க. திரை கட்டி தெருவுக்கே காட்டாம, படையல் அன்னிக்கு சாப்பாட்டுக்கு அப்புறம் வீட்டுக்குள்ள குடும்பத்துக்கு மட்டும் காட்டுங்க. ஆனா கூடை இல்லாத ஆயாவ காட்டறதுக்கு மட்டும் ஒத்துக்காதீங்க. பட்டுப்பொடவ கட்டி கும்பிட்டுக்கிட்டு நிக்கற ஒரு போட்டோவ மட்டும் வச்சு "தெய்வத்தாய்"னு எழுதினா அது யாரோட ஆயாவா வேணாலும் இருக்கலாமே. நீங்களே எழுதியிருக்கீங்க, ஐஸ் வக்கிறவன்கிட்ட கெட்ட வார்த்தையில சண்ட போடுவாங்க, சித்திய ஒருமுறை சினிமாவுக்குப் போனதுக்கு வெளக்குமாத்தால அடிச்சாங்க, மறுநாள் அவங்களே காசு குடுத்து அனுப்பினாங்கன்னு. அந்தக் கதைய சித்தி வாயாலயே சொல்ல வைங்க, வீடியோவுல அவங்களுக்கும் ஒரு இடம் கெடச்சா பாதி சண்ட அடங்கிடும்.

அம்மா பைத்தியம் ஆகல

கூடைய வைக்கிற சத்தம் கேக்குதுனு அம்மா சொன்னதும் பயந்து போய், தாயத்து கட்டலாமா மனநல டாக்டர்கிட்ட கூட்டினு போகலாமானு கேட்டிருக்கீங்க. 1971ல வேல்ஸ்ல ரீஸ்னு ஒரு டாக்டர், துணைய இழந்த 293 பேர்கிட்ட பேசிப் பாத்தப்ப, கிட்டத்தட்ட பாதி பேர் எறந்தவங்களோட குரலையோ, உருவத்தையோ, பக்கத்துலயே இருக்கற மாதிரியோ உணர்ந்ததா சொன்னாங்க. பெரும்பாலானவங்க அதுவரைக்கும் யார்கிட்டயும் அத சொன்னதே இல்ல. உங்கம்மா பொறந்ததுலருந்து விடியக்கால சத்தம்னாலே அந்தக் கூடைதான், காது இன்னும் அதுக்காக காத்துனு இருக்கு. அவ்ளோ பயப்பட வேணாம்.

இன்டர்நெட்ல துக்கத்தோட அஞ்சு ஸ்டேஜ்னு படிச்சுட்டு, அம்மா முதல் ஸ்டேஜ்லயே, அதாவது நடந்தத ஏத்துக்காத நிலையிலயே மாட்டிக்கிட்டாங்கனும் எழுதியிருக்கீங்க. அந்த அஞ்சு நிலை, 1969ல கூப்ளர் ராஸ்ங்கற டாக்டர் சாகப்போற நோயாளிங்ககிட்ட பேசி எழுதினது. துக்கத்துல இருக்கறவங்க ஒண்ணாங்கிளாஸ் ரெண்டாங்கிளாஸ் மாதிரி வரிசையா பாஸ் பண்ணிப் போகணும்னு ஒண்ணும் இல்ல. ஒரு நாள் அழுவாங்க, மறுநாள் சீரியல் பாத்து சிரிப்பாங்க, அதுக்கு மறுநாள் சோறு எறங்காது, இப்படித்தான் போயிட்டு போயிட்டு வரும். உங்களுக்கு அழுகை வராததும் அப்படித்தான், ஆஸ்பத்திரி, காரியம், அம்மா, பையன்னு எட்டு மாசமா நீங்கதான் எல்லாத்தையும் தாங்கிப் பிடிச்சுனு இருக்கீங்க, அழ எங்க நேரம். ஐசியூ வாசல்ல பதினோரு நாள் உக்காந்திருந்துட்டு ஒரே ஒரு ராத்திரி குளிக்க வீட்டுக்கு வந்தீங்க, அன்னிக்கு போயிட்டாங்க. உள்ள ஒருத்தர கூட விடாத ராத்திரி அது, நீங்க வாசல்லயே இருந்திருந்தாலும் அவங்க கைய பிடிச்சிருக்க முடியாது. இத நம்ப கொஞ்ச நாள் ஆகும், பரவாயில்ல.

அம்மா விஷயத்துல நீங்க கவனிக்க வேண்டியது வேற. ராத்திரி தூங்கறாங்களா, சாப்பிடறாங்களா, எடை குறையுதா, வீட்டு வேலை பக்கத்து வீட்டுப் பேச்சு ஏதாவது திரும்ப ஆரம்பிச்சாங்களா? உலக சுகாதார அமைப்போட வகைப்பாட்டுல ஆறு மாசத்துக்கு மேல, அமெரிக்க டாக்டருங்க கணக்குல ஒரு வருஷத்துக்கு மேல, துக்கம் கொஞ்சம் கூட குறையாம அன்றாட வாழ்க்கையையே முடக்கிப்போட்டா அதுக்குனு தனி சிகிச்சையே இருக்கு. "நானும் அவங்களோட போயிடறேன்"னு ஒரு வார்த்த வந்தாலும் மாசக்கணக்கு பாக்காதீங்க, அன்னிக்கே ஸ்டான்லி ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கு கூட்டினு போங்க. ராத்திரி நேரம்னா 14416க்கு அடிங்க, டெலி மானஸ், அரசாங்க சேவை, இலவசம், தமிழ்லயே பேசுவாங்க.

மத்தபடி, ஆயா பேர எடுத்தா அம்மா ஒடஞ்சிடுவாங்கனு நீங்க வாய மூடிக்கறீங்க, நீங்க மூடிக்கறத பாத்து அம்மாவும் மூடிக்கறாங்க. போட்டோவ பரண்ல ஏத்தினதால மறக்கப் பாக்குறாங்கனு அர்த்தமில்ல, அந்த முகத்த இப்ப நேரா பாக்க முடியல, அவ்ளோதான். எறக்கச் சொல்லி வற்புறுத்தாதீங்க. ஒரு ஞாயித்துக்கெழம நீங்களே கால் கிலோ நெத்திலி வாங்கி வந்து ஆஞ்சுக்கிட்டே, "ஆயா கொழம்புல மாங்கா எப்ப போடுவாங்கமா"னு கேளுங்க. பதில் வரலன்னா விட்டுடுங்க, அடுத்த மாசம் கேளுங்க.

பையன்கிட்ட உண்மைய சொல்லுங்க

ஊருக்குப் போன ஆயா ஏன் எனக்கு போன் பண்ணலனு கேக்கறான்னு எழுதியிருக்கீங்க. தன்ன விட்டுட்டு போயிட்டாங்கனு அந்தப் புள்ள மனசுல நினைச்சுனு இருக்கும். ஏழு வயசுல, செத்தவங்க திரும்ப வர மாட்டாங்கங்கறத புரிஞ்சுக்க முடியும். "ஆயா செத்துப்போயிட்டாங்க கண்ணா, ஒடம்பு வேலை செய்யறத நிறுத்திடுச்சு, உன்மேல கோவமில்ல, முன்னாடியே சொல்லாதது அம்மா தப்பு"ன்னு நேரா சொல்லுங்க. தூங்கறாங்கனு மட்டும் சொல்லிடாதீங்க, அப்புறம் தூங்கவே பயப்படுவான். புக்குல ஒரு பக்கம் அவனுக்கு குடுங்க, ஆயாவும் கூடையும் வரையட்டும்.

கத சேக்கறப்ப

ஹார்பர்ல ஆயா கூட ஏலம் எடுத்த கெழவிங்க ரெண்டு மூணு பேர் இன்னும் இருக்காங்கனு சொன்னீங்களே, முதல்ல அவங்ககிட்ட போங்க, வருஷ படையலுக்கு காத்திருக்காதீங்க, அவங்களுக்கும் வயசாச்சு. எந்த வருஷம்னு கேட்டா முழிப்பாங்க. "அண்ணா செத்தப்ப ஆயா வேவாரத்துக்கு வந்துட்டாங்களா?"னு கேளுங்க, அது 1969 பிப்ரவரி. எம்ஜிஆர் செத்த அன்னிக்கு கூடைய எடுத்தாங்களா, அது 1987 டிசம்பர். பின்னி மில்லு மூடறதுக்கு முன்னாடி மில்லு சம்பள நாள்ல வேவாரம் எப்படி? சுனாமி வந்தது 2004 டிசம்பர் 26, ஞாயித்துக்கெழம, மீன்காரங்களுக்கு பெரிய நாளு, அன்னிக்கு காலைல ஆயா எங்க இருந்தாங்க? 2017 ஜனவரி கடைசியில எண்ணூர் கிட்ட கப்பல் மோதி எண்ணெய் கொட்டினப்ப ஜனங்க மீன் வாங்கவே பயந்தாங்களே, அந்த மாசம் வீடு எப்படி ஓடுச்சு? தடைக்காலம் 45 நாளா இருந்தது அந்த வருஷம்தான் 61 நாளாச்சு, ஏப்ரல் 15லருந்து ஜூன் 14 வரைக்கும், அந்த நாள்ல கருவாடு வித்தாங்களா, வட்டிக்கு வாங்கினாங்களா, யார்கிட்ட? இப்படி கேட்டா கத தானா கொட்டும், நீங்க நடுவுல பேசாம இருந்தா போதும்.

சும்மாடு துணி, கூடை, வெத்தலப் பெட்டி எங்க இருக்குனு பாருங்க. கூடைய காயலான் கடைக்கு போடறதா சித்தி சொன்னாங்கனு எழுதியிருக்கீங்க, சண்ட போடாம நீங்க தூக்கினு வந்துடுங்க. பழைய போட்டோங்கள ஆல்பத்துலருந்து பிச்சு எடுக்காம, வெயில் நேரா படாத வெளிச்சத்துல வச்சு ஃப்ளாஷ் இல்லாம போன்லயே எடுங்க, அதுல யார் யாருன்னு அப்புறமா அம்மாவும் மாமாவும் பாத்து சொல்லட்டும்.

ஆயா அனுப்பின 43 வாய்ஸ் நோட்டு இருக்கு, கேக்க தைரியம் வரலனு சொன்னீங்க, போனும் ஒடஞ்ச போன்னு சொன்னீங்க. அந்த போன் ஒரு நாள் ஆன் ஆகாது. இன்னிக்கு ராத்திரியே அந்த நோட்டுங்களையும் அந்த ரெண்டு மணி நேர ரெக்கார்டிங்கையும் ஒரு பென்டிரைவ்லயும், உங்க புருஷனோட கம்ப்யூட்டர்லயும் காப்பி பண்ணி வைங்க. கேக்க வேணாம். காப்பி மட்டும் பண்ணுங்க.